இகழ்ச்சிக்கும் அவமதிப்புக்கும் கிறிஸ்தவர் எவ்வாறு பதிலளிக்க வேண்டும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ் ஆராதனை நடைபெறும் ஆலயங்களிலும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் வேதப்பாட வகுப்புகளிலும் திரும்பத் திரும்ப எழுப்பப்படும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. கேட்பவர்களில் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், சுயாதீன சபையினர் எனப் பலரும் இருப்பதால், எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் வேதபகுதிகளையே ஆதாரமாக எடுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய குறிப்புகள் பொதுவானவை. உங்கள் வழக்கைப் பொறுத்தவரை சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறு கன்னத்தையும் திருப்பிக் கொடு என்றால், யார் என்ன செய்தாலும் வாய் மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதா?

அப்படிப் பொருள் கொள்ள அந்த வசனமே இடம் தருவதில்லை. மத்தேயு 5:39 குறிப்பாக வலது கன்னத்தைச் சொல்கிறது. வலக்கையால் அடிக்கும் ஒருவன் எதிரே நிற்பவரின் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் அறைய முடியும். யூத மரபில் அது உடலைக் காயப்படுத்தும் அடி என்பதைவிட மானத்தைக் காயப்படுத்தும் அடியாகவே எண்ணப்பட்டது. மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பு, ஒருவரைக் கன்னத்தில் அறைந்தவன் 200 சூஸ் (அக்கால வெள்ளி நாணயம்) நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றும், புறங்கையால் அறைந்திருந்தால் 400 சூஸ் கொடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. புறங்கை அடி குறைவாகவே வலிக்கும். ஆனாலும் நட்டஈடு இரட்டிப்பு. ஆகவே இயேசு அங்கே பேசுவது முதன்மையாக அவமதிப்பைப் பற்றித்தான். அவமதித்தவனுக்கு அதே நாணயத்தில் திருப்பிக் கொடுக்காதே என்பதே கட்டளை.

அந்தக் கட்டளையை அவர் தாமே எப்படிக் கைக்கொண்டார் என்பதை யோவான் 18ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். பிரதான ஆசாரியனுக்கு முன்பாக ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். அவர் பேசாமல் நிற்கவில்லை. திருப்பி வையவும் இல்லை. தான் தகாததைப் பேசியிருந்தால் அதை எடுத்துக்காட்டும்படியும், தகுதியாய்ப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்றும் கேட்கிறார். அந்தக் கேள்வியில் வசை இல்லை, கெஞ்சலும் இல்லை. பிலிப்பி நகரில் விசாரணையில்லாமல் பிரம்பால் அடித்துச் சிறையில் போடப்பட்ட பவுல், மறுநாள் காலையில் அதிகாரிகள் ஓசைப்படாமல் விடுதலை செய்யப் பார்த்தபோது, வெளியரங்கமாய் அடித்தவர்கள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று மறுத்துவிட்டார். அவர்களும் வந்தார்கள் (அப்போஸ்தலர் 16). இதே பவுல் பிற்பாடு ஆலோசனைச் சங்கத்தின் முன் ‘வெள்ளையடிக்கப்பட்ட சுவரே’ என்று பிரதான ஆசாரியனைச் சீறிவிட்டு, சுட்டிக்காட்டப்பட்டதும் பின்வாங்கியதையும் லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். அப்போஸ்தலருக்கும் நாக்கு ஒரு நொடி முந்திக்கொண்டது என்று அறிவது நமக்கெல்லாம் சற்று ஆறுதலான செய்தி.

விலக்கப்பட்டிருப்பது எது என்பதை 1 பேதுரு 2:23 துல்லியமாகச் சொல்கிறது: “அவர் வையப்படும்போது பதில்வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும், நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்.” பதிலுக்கு வைவதும் பயமுறுத்துவதும்தான் விலக்கு. உண்மையைச் சொல்வதோ, விளக்கம் கேட்பதோ, சாட்சி சொல்வதோ அந்த வசனத்தில் விலக்கப்படவில்லை. தீர்ப்பு வேறொருவர் கையில் இருக்கிறது என்று உண்மையாகவே நம்புகிறவருக்குத்தான், அவமதித்தவனை அந்த இடத்திலேயே வென்றுகாட்டவேண்டிய அவசரம் இல்லாமல் போகிறது.

எதற்குப் பதில் சொல்வது, எதை விட்டுவிடுவது?

நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்த இரண்டு வசனங்கள் இருக்கின்றன. நான்காவது வசனம், மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே, சொன்னால் நீயும் அவனைப்போலாவாய் என்கிறது. ஐந்தாவது, அவனுக்குப் பதில் சொல், சொல்லாவிட்டால் அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான் என்கிறது. தொகுத்தவர் கவனிக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. எந்த நேரத்துக்கு எது என்பதை நாமே நிதானிக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டும் அருகருகே நிற்கின்றன.

காலி வீதியில் மாலை ஐந்தரை மணிக்கு ஓடும் ஒரு பேருந்தை எடுத்துக்கொள்வோம். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வரும் நடத்துநர், மீதிக்காசு கேட்ட உங்களிடம் எரிந்து விழுகிறார். உங்கள் சிங்கள உச்சரிப்பைக் கேட்டு உங்கள் இனத்தையும் சேர்த்து ஒரு சொல்லை வீசிவிட்டுப் பின் கதவுக்குப் போய்விடுகிறார். அடுத்த தரிப்பிடத்தில் நீங்கள் இறங்கிவிடுவீர்கள். அவரை இனி ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை. குற்றத்தை மன்னிப்பது மனிதனுக்கு மகிமை என்று சொல்லும் நீதிமொழிகள் 19:11 இதற்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. மீதிக்காசை மட்டும் அமைதியாக மறுபடி கேளுங்கள், அது உங்களுடையது. சொல்லை அவரிடமே விட்டுவிடுங்கள். ஆனால் அதே நடத்துநர் அதே சொல்லைப் பக்கத்தில் நிற்கும் வயதான அம்மா ஒருவரை நோக்கிச் சொன்னால் நிலைமை வேறு. எனக்கு நேர்ந்த இகழ்ச்சியை விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு. அவருக்கு நேர்ந்ததை அவர் சார்பில் விட்டுக்கொடுக்கும் அதிகாரத்தை எனக்கு யாரும் தரவில்லை. ‘இப்படிப் பேசாதீர்கள், அவர் உங்கள் தாயின் வயதுடையவர்’ என்று ஒரு வாக்கியம் சொல்வது சண்டையல்ல. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: நமக்கு நேர்ந்ததற்குப் பொங்குகிறோம், பிறருக்கு நேர்ந்ததற்குப் பொறுமையைப் போதிக்கிறோம்.

கோபம் வருவதே பாவமா?

இல்லை. கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள் என்று எபேசியர் 4:26 சொல்வதிலிருந்தே இரண்டும் வெவ்வேறு என்பது விளங்கும். கோபத்தைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்பதே கேள்வி. எருசலேமின் அலங்கத்தைக் கட்டியவர்களைப் பார்த்து, ஒரு நரி ஏறினாலே இந்த மதில் இடிந்துவிடும் என்று தொபியா கேலி செய்தான். கட்டுவேலையை நடத்திய நெகேமியா அவனுக்கு ஒரு வார்த்தையும் பதில் அனுப்பவில்லை. ஆனால் தேவனிடம் மிகக் காரமாக ஜெபித்தார், அவர்கள் நிந்தை அவர்கள் தலையின்மேலேயே திரும்பட்டும் என்றார், பிறகு போய் மதிலைக் கட்டினார் (நெகேமியா 4). இத்தகைய ஜெபங்கள் சங்கீதங்களிலும் ஏராளம். ஆராதனையில் அவற்றை நாம் தாண்டிப்போகிறோம், ஆனால் மனிதரிடம் சொல்லக்கூடாததைச் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே அவை வேதத்தில் இருக்கின்றன என்பது என் கருத்து.

அலுவலகத்தில் மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் என்னை மட்டந்தட்டுகிறார். வேலையை விடவும் முடியாது. என்ன செய்வது?

மத்தேயு 18:15 சபைக்குள் நேரும் குற்றங்களுக்குச் சொல்லப்பட்டது என்றாலும், அது காட்டும் ஒழுங்கு அலுவலகத்துக்கும் பொருந்தும்: முதலில் தனிமையில் பேசுதல், பிறகு ஓரிருவரைச் சேர்த்துக்கொள்ளுதல், அதன் பின்னரே பொதுவில் கொண்டுவருதல். நாமோ முதலில் தேநீர் அறையில் ஐந்து பேரிடம் சொல்லிவிட்டு, ஆறாவதாகவே உரியவரிடம் போகிறோம், அல்லது போவதே இல்லை. அவர் கூட்டத்தில் உங்களை ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்டிருந்தால், அன்றைக்கே பேச வேண்டாம். மறுநாள் காலை அவர் மேசைக்குப் போய், ‘நேற்றைய அறிக்கையில் பிழை இருந்தது உண்மை, அதைத் திருத்திவிட்டேன், ஆனால் அதைத் தனியாகச் சொல்லியிருந்தால் எனக்கு உதவியாயிருந்திருக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் சொன்னதில் உண்மையான பகுதி இருந்தால் அதை முதலில் ஒப்புக்கொள்வது கோழைத்தனமல்ல. மீதியைச் சொல்ல உங்களுக்கு நிலைமையை நேராக்கித் தருவது அதுதான்.

அப்படியும் தொடர்ந்தால், நாள், இடம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் ஆகியவற்றைக் குறித்து வைத்து, மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். அவதூறு சேர்க்காமல், இரண்டு மடங்காக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதும் முறைப்பாடு பழிவாங்கல் ஆகாது.

வீட்டில் கணவரும் மாமியாரும் தினமும் இழிவாகப் பேசுகிறார்கள். ‘சிலுவையைச் சுமந்துகொள்’ என்று சபையில் சொல்கிறார்கள்.

அந்த அறிவுரையைத் தருபவர்கள் நல்லெண்ணத்தோடு தந்தாலும் அது தவறான அறிவுரை. இயேசு சொன்ன சிலுவை, அவரைப் பின்பற்றுவதற்காக ஒருவர் தாமே எடுத்துக்கொள்வது; வேறொருவரின் கொடுமையை மறைத்துக்கொடுப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. ஒரு சண்டையில் வாய் தவறி வந்த சொல்லை மன்னித்து மறக்கலாம். சமைத்த சாப்பாடு முதல் பிறந்த வீடு, நிறம், சீதனம் வரை தினமும் எடுத்துப் பேசி ஒரு மனிதரைச் சிறிது சிறிதாக அழிப்பது வேறு வகை. பேதுருவின் முதல் நிருபம் கணவர்களுக்குச் சொல்வதையும் வாசிக்க வேண்டும்: மனைவிக்குரிய கனத்தைச் செய்யாவிட்டால் உங்கள் ஜெபங்களுக்கே தடை வரும் என்கிறது அது (3:7). மனைவியர் பொறுத்துப்போக வேண்டும் என்பதற்கு 3:1ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் ஆறு வசனம் தள்ளிப் படிக்க ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உடல்ரீதியான தாக்குதலை மட்டுமன்றி, தொடர்ச்சியாகவும் கடுமையாகவும் இழிவுபடுத்தி உளரீதியாகத் துன்புறுத்துவதையும் உள்ளடக்குகிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பெண்களுக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. இவற்றை நாடுவது மன்னிப்புக்கு எதிரானதல்ல. பாதுகாப்பான தூரத்திலிருந்தும் ஒருவரை மன்னிக்கலாம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உறவினர் ஒருவர் குத்திப் பேசி எழுதுகிறார்.

இரவு பதினொரு மணிக்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினாலும் அனுப்பாதீர்கள். குழுவில் பேசப்பட்டது என்பதற்காகக் குழுவிலேயே பதில் சொல்லவேண்டும் என்ற கட்டாயமில்லை. மறுநாள் தொலைபேசியில், ‘மாமா, நேற்று நீங்கள் எழுதியதைப் படித்து மனம் வருந்தியது, எதை வைத்து அப்படிச் சொன்னீர்கள்?’ என்று கேட்டால், பாதிக்கு மேற்பட்டவை அங்கேயே முடிந்துவிடும். குரலில் மாமாவாக இருப்பவர் எழுத்தில் வேறு ஆளாகிவிடுகிறார், அவ்வளவுதான்.

நான் மலையகத்தைச் சேர்ந்தவன். ஆலயத்திலேயே ‘தோட்டக்காட்டான்’ என்று பேச்சு அடிபடுகிறது. கண்டுகொள்ளாமல் இருப்பதா?

நீங்கள் கண்டுகொள்ளாமல் இருக்க விரும்பினால் அது உங்கள் பெருந்தன்மை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் இருப்பது பாவம். இந்த நாட்டின் தோட்டங்களை உருவாக்கிய மக்களிடமிருந்து 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாட்டையே பறித்தது. அந்தக் காயத்தின்மேல் கை வைக்கும் சொல் அது. அதைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் சக தமிழர்களே என்பதும், திருமணப் பேச்சு வரும்போது சாதியும் ஊரும் அதே குரலில் எழுவதும் கொழும்புச் சபைகள் வெளியே பேச விரும்பாத விடயங்கள்.

எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தில் மோசே மணந்த எத்தியோப்பியப் பெண்ணை முன்னிட்டு மிரியாமும் ஆரோனும் அவருக்கு விரோதமாகப் பேசுகிறார்கள். மோசே வாய் திறக்கவில்லை. அவர் மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கர்த்தர் சாந்தமாக இருக்கவில்லை. மூவரையும் ஆசரிப்புக் கூடாரத்துக்கு அழைத்து, பேசியவர்களைக் கண்டிக்கிறார். கடைசியில், குஷ்டரோகம் பிடித்த மிரியாம் சுகமாகவேண்டும் என்று மன்றாடுகிறவர் மோசே. பாதிக்கப்பட்டவர் மன்றாடலாம், கண்டிப்பதோ மற்றவர்களுடைய பொறுப்பு என்ற பங்கீட்டை ஒரு சபை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். போதகரோ பங்குத்தந்தையோ இதைப் பிரசங்கத்தில் பெயரிட்டுச் சொல்லவேண்டும். பொதுவாக ‘அன்பாயிருங்கள்’ என்பது போதாது.

நம் விசுவாசத்தையே இகழ்ந்தால்? ‘காசுக்கு மதம் மாறியவர்கள்’ என்கிறார்கள். சிலுவையையும் மாதாவையும் கேலி செய்து படங்கள் பரப்புகிறார்கள்.

இயேசுவை ஏற்றுக்கொள்ளாத சமாரியக் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கட்டளையிடலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது, அவர் அதட்டியது கிராமத்தை அல்ல, சீடர்களை (லூக்கா 9). நம்முடைய மிரட்டலால் காப்பாற்றப்பட வேண்டிய நிலையில் அவர் இல்லை. நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்பதே 1 பேதுரு 3:15 தரும் வழி.

மத உணர்வுகளை வேண்டுமென்றே புண்படுத்துவது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 291அ பிரிவின் கீழ் குற்றம். பகைமையைத் தூண்டும் பிரசாரத்துக்கு எதிராக 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. வன்முறைக்குத் தூண்டும் பேச்சை முறையிடுவதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு கேலிச் சித்திரத்துக்கும் பொலிஸ் நிலையம் போவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். இன்னொரு பக்கமும் உண்டு: பிறருடைய தெய்வங்களையும் வழிபாட்டையும் ஒலிபெருக்கியில் இழிவாகப் பேசும் பிரசங்கங்கள் நம்மிடையேயும் உள்ளன. 2023இல் ஒரு போதகரின் பேச்சு பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள் மூவரையும் ஒருசேரப் புண்படுத்திப் பெரும் சர்ச்சையானதை நாடே அறியும்.

மன்னித்த பிறகு நீதி கேட்பது முரண்பாடு அல்லவா?

இந்தக் கேள்வியைக் கொழும்பில் கேட்கும்போது எல்லோர் மனமும் 2019 ஏப்ரல் 21க்குத்தான் போகும். அன்றைய உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய தேவாலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது இகழ்ச்சி என்ற சொல்லுக்குள் அடங்காத கொடுமை. ஆனாலும் மன்னிப்பும் நீதியும் எப்படி ஒன்றாக நிற்கும் என்பதை நாம் அறிந்த இடத்தில் காட்டுவதால் இங்கே எடுத்துச் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமை, பழிவாங்க எழ வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. அதே திருச்சபைதான், எச்சரிக்கை கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியவர்கள் யார், பின்னால் இருந்தவர்கள் யார் என்ற கேள்வியை ஆண்டுக்கணக்கில் கைவிடாமல் கேட்டுவந்தது. பாதிக்கப்பட்டவர்களும் குருமார்களும் உள்ளிட்டோர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களின்மேல், 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ரோமர் 12ஆம் அதிகாரம் பழிவாங்குதலை நம் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. அடுத்த அதிகாரமே தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பை அரசுக்குக் கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு நீங்கும். சிறு விடயங்களுக்கும் இதுவே அளவு. பக்கத்து வீட்டுக்காரரோடு ஏற்பட்ட வாய்த்தகராறு மத்தியஸ்த சபையில் தீருமானால் அங்கே தீருங்கள். வழக்கில் வென்று அவரை வெள்ளவத்தை முழுதும் தலைகுனியவைக்க வேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்தால், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் சில நாள் பொறுத்திருங்கள்.

அவர் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நான் மன்னிக்க வேண்டுமா?

ஜெபிக்க நிற்கும்போது யார்மேலாவது குறையிருந்தால் மன்னியுங்கள் என்கிறது மாற்கு 11:25. அதில் எதிராளியின் வருத்தம் நிபந்தனையாக இல்லை. சகோதரன் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பாயாக என்கிறது லூக்கா 17:3; அங்கே கண்டிப்பதும் மனந்திரும்புவதும் முன்னே வருகின்றன. முதலாவது என் உள்ளத்தில் நடப்பது. அது என் கையில் இருக்கிறது. இரண்டாவது இருவருக்குமிடையே உறவு திரும்புவது. அதற்கு இருவரும் வேண்டும். யோசேப்பு தன் சகோதரரை வெறுக்கவில்லை, அவர்களைக் கண்டு ஒதுங்கிப்போய் அழுதான். ஆனாலும் உடனே தன்னை வெளிப்படுத்தவில்லை. தன்னை விற்கச் சொன்ன யூதாவே பென்யமீனுக்காகத் தன்னைப் பிணையாக்கும்வரை காத்திருந்தான். மன்னித்துவிட்டேன் என்பதால் மறுநாளே பழைய நம்பிக்கையோடு வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை.

இதைத்தான் திருக்குறளும் சொல்கிறதே. கிறிஸ்தவத்தில் என்ன புதிது?

‘இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்’ என்ற 314ஆவது குறளையும், பசித்த சத்துருவுக்குப் போஜனம் கொடு என்னும் ரோமர் 12:20ஐயும் பக்கத்தில் வைத்துப் படித்த தமிழ்க் கிறிஸ்தவர் எவரும் மகிழவே செய்வார். புதிது என்று மார்தட்டத் தேவையில்லை. வேறுபாடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. குறள் சான்றோனின் பண்பிலிருந்து தொடங்குகிறது. நிருபங்கள், தான் ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட கடனாளி என்ற நினைவிலிருந்து தொடங்குகின்றன. மத்தேயு 18இல் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு தாலந்து என்பது கூலியாளின் பல ஆண்டு உழைப்பு என்று அறிந்தால் அந்தக் காட்சியின் அபத்தம் உறைக்கும்.

இகழ்ந்தது நான்தான். எப்படிச் சரிசெய்வது?

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட்டிருந்தாலும், புண்பட்ட மனிதரிடம் போக வேண்டிய கடன் மீதமிருக்கிறது. போகும்போது, ‘நான் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருந்தால்’ என்று தொடங்காதீர்கள். புண்படுத்தியது என்று தெரிந்துதான் போகிறீர்கள். நீங்கள் சொன்ன சொல் இன்னது, அது தவறு என்று சொல்லுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம். அவர் உடனே மன்னிக்காவிட்டால் அவசரப்படுத்தவும் வேண்டாம். பத்துப் பேர் முன்னிலையில் சொல்லியிருந்தால் அந்தப் பத்துப் பேருக்கும் தெரியும்படி கேளுங்கள். குழுவில் எழுதியிருந்தால் அதே குழுவில் எழுதுங்கள்.